மாமனார் காலி செய்த கடற்கரைப் பூங்கா

எங்கள் செக்‌ஷன் ஆட்கள் வருடா வருடம் வேன் பிடித்துக் கடல் பார்க்கப் போவோம். ஓசூரில் குளிர் உண்டு, தூசி உண்டு, தண்ணீர் லாரி உண்டு, கடல்தான் கிடையாது. இந்த முறை மாமனாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்காமல்தான் கிளம்பும்.

மாமனார் பாகலூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில், பசுமைக்குடிலுக்குள் வேலை பார்த்தவர். மாமியார் போன பிறகு மத்திகிரியில் எங்களோடு இருக்கிறார். சமீபமாக, டீ குடிக்கப் போனால் வீட்டுக்கு வழி மறந்துவிடுகிறது. ஒருமுறை கால்நடைப் பண்ணை மதிலோரம் நின்றிருந்தார். இன்னொரு முறை டவுன் பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் பிடித்து வைத்திருந்தார். நானும் மனைவியும் ஒரே ஷிப்டில் வேலைக்குப் போகிறவர்கள்.

"வெளிய பூட்டிட்டுப் போயிடலாங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

"ஒரு நாள் என்கூட வரட்டும். ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வந்துட்டா பூட்டு வேணாம். சரியா?"

"தொலைச்சிட்டு வந்தீங்கன்னா நீங்களும் வர வேணாம்."

இதையெல்லாம் மாமனாரை வைத்துக்கொண்டேதான் பேசினோம். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது.

கிளம்பும்போது என் போன் நம்பரை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தேன். "என்னா மாப்ள, பார்சலா நானு?" என்றார். அதற்கு மேல் எங்கள் கம்பெனி நீல டீ-ஷர்ட் ஒன்றையும் மாட்டிவிட்டேன். கூட்டத்தில் சுலபமாக அடையாளம் தெரியுமாம். வேனில் அத்தனை பேரும் அதே நீலத்தில் உட்கார்ந்திருந்தது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு குட்டிப் பூங்கா. இடுப்பளவு கம்பிவேலி, நாலைந்து சிமெண்டு பெஞ்சுகள், உப்புக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த செடிகள். மாமனாரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்து, "மாமா, இங்கயே இருங்க. கால நனச்சிட்டு வந்துடறேன்" என்றேன். கால் நனைந்தது. அப்புறம் முட்டி நனைந்தது. அப்புறம் போட்டோவுக்காகக் கையை விரித்து நின்றேன். திரும்பி வந்தபோது பெஞ்சில் சுண்டல் மட்டும் இருந்தது.

அதுவரை எனக்குக் கடல் என்பது போட்டோவின் பின்னணி. அப்போதுதான் அதன் அளவு தெரிந்தது. ஓடினேன். திரும்பின பக்கமெல்லாம் நீல டீ-ஷர்ட். தொட்ட முதுகெல்லாம் எங்கள் ஆள், மாமனார் மட்டும் இல்லை. "நீலச் சட்ட போட்ட பெரியவரப் பாத்தீங்களா?" என்று கேட்டால் ஜனங்கள் என்னையே கைகாட்டினார்கள். போன் அடித்தது. மனைவி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பையில் உயிரோடு ஏதோ துடிப்பதுபோல் இருந்தது.

பூங்காவின் கடைசி மூலையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "யோவ் பெரியவரே, கைய எடுய்யா."

தோட்டவேலை செய்யும் அம்மா விளக்குமாற்றோடு நின்றிருந்தார். அவர் முன்னால் மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இட்லிப்பூ, நித்தியகல்யாணி, செம்பருத்தி எல்லாம் தனித்தனிக் குவியலாக. செடிகளில் மொட்டு மட்டும் மிச்சம்.

"உன் ஆளா சார்? ஒரு பூ விட்டு வச்சிருக்காரா பாரு."

"மொட்டு ஒண்ணக்கூடத் தொடலம்மா" என்றார் மாமனார், தன் வேலையில் குறை சொல்லிவிட்டதுபோல.

"மொட்டப் பாக்கவா ஜனம் வருது?"

அந்த அம்மா கேட்டது நியாயம். ஆனால் பண்ணையில் கணக்கு வேறு. ரோஜா மொட்டாக இருக்கும்போதே வெட்டிப் பெட்டிக்குப் போக வேண்டும். விரிந்துவிட்டால் கழிவு. குடிலுக்குள் நுழைந்ததும் விரிந்ததையெல்லாம் கிள்ளி ஓரம் போடுவதுதான் முதல் வேலை. ஆயுளில் பாதியை அதில் கழித்தவரைப் பூங்காவில் உட்காரவைத்துவிட்டு நான் கால் நனைக்கப் போயிருக்கிறேன்.

"பெரிய கம்பெனில குவாலிட்டி பாத்தவரும்மா இவரு. உங்க பூவையெல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டாரு" என்று சிரித்துவைத்தேன்.

"நீ சிரிச்சிட்டுப் போயிடுவ சார். சூப்பர்வைசர் வந்தா என்னைத்தான் கேப்பாரு."

என் சிரிப்பு அங்கேயே செத்தது. மன்னிப்புக் கேட்டேன். இருவருமாகப் பூக்களை அள்ளிக் கொடுத்தோம். முந்தானையில் வாங்கிக்கொண்டு, "சாமிக்காவது போடறேன்" என்று போனார்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது. "மாமா, இப்ப நாம எங்க இருக்கோம்?"

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடல்கிட்ட. உங்களுக்குத் தெரியலையா மாப்ள?"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். இது வெறும் கைப்பழக்கம், மறதி இல்லை என்று மனைவியிடம் சொல்லும் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன். மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் அவர் கேட்டார்: "பெட்டி ஏத்தற வண்டி ஏன் இன்னும் வரல? பெங்களூருக்கு நேரமாவுதே."

போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அப்பா எங்க?"

"பக்கத்துல."

"தொலைஞ்சாரா?"

வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது, ஒரு ஜோக்கும் இருந்தது. மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொலைஞ்சார். கிடைச்சிட்டார்" என்றேன்.

"அப்ப பூட்டிடலாம்ல?" என்றாள்.

அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். மாமனார் கை நீட்டிப் போனை வாங்கினார். "பூட்டிக்கோ கண்ணு. பரவால்ல. ஒரு சாவி மட்டும் என்கிட்ட குடுத்துடு."

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் போனைத் திருப்பித் தந்தபோது லைன் கட்டாகியிருந்தது.

ஊர் திரும்பியும் பூட்டு வாங்கவில்லை. எங்கள் கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சி நான் நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். நானும் மனைவியும் இப்போது வாசலில் மாறிக்கொள்கிறோம். சண்டை போடக்கூட ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். பகல்தான் நான் தூங்க வேண்டிய நேரம். கண் அயர்ந்தால் திடுக்கிட்டு எழுந்து அவரைத் தேடுகிறேன்.

"தூங்குங்க மாப்ள. நான் எங்கயும் போவல" என்கிறார்.

அதைச் சொல்லும்போது அவர் காலில் செருப்பு இருக்கிறது.