உருளைக்கிழங்குக் கோபுரம்

ஓசூர் தாண்டி, மைசூர் எல்லைச் சாவடியில் பஸ் நிற்கிறது. தானிய மூட்டை எதுவானாலும் ஓசூரில் சர்க்காரின் கோபுர முத்திரை குத்தியிருக்க வேண்டும். ரப்பர் முத்திரை சென்னையிலிருந்து இன்னும் வந்தபாடில்லை. அதனால் தினமும் காலையில் ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, அதில் கோபுரம் செதுக்கி, நீல மையில் தோய்த்துச் சாக்கில் குத்துகிறார்கள். மதியத்துக்குள் கிழங்கு வாடிவிடும். கோபுரம் வைக்கோற்போர் ஆகிவிடும். எல்லையில் எல்லோருக்கும் பழகிப்போனது அந்த வைக்கோற்போர்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கெலமங்கலத்து அம்மாளின் ராகி மூட்டையைச் சாவடிக் குமாஸ்தா இறக்கச் சொல்கிறார்.

"இது கள்ள முத்திரைம்மா. கோபுரம் இவ்ளோ தெளிவா இருக்குதே!"

"காத்தால மொத ஆளா நின்னு குத்திக்கினு வந்தேன் சார். அப்போ கெழங்கு புதுசு."

எனக்குப் பொறுக்கவில்லை. "தெளிவா இருக்கிறது ஒரு குத்தமா சார்?"

"சர்க்கார் வேலை என்னிக்கு சார் தெளிவா இருந்துச்சு?"

அந்த அம்மாள் எங்கள் வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு, கோபுரத்தை அழுத்தித் தேய்க்கிறாள். நீலம் சாக்கெல்லாம் பரவுகிறது.

குமாஸ்தா குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறார்.

"இப்போ சரி. மூட்டைய ஏத்துங்க."