விரிசலை மறைத்த காலண்டர்

திருவனந்தபுரத்துக்கு மேலே, மூடிக்கிடக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் கணவரும் இருக்கிறோம். சுவர் விரிசலைப் பார்க்கப் பயந்து, சபையில் தந்த காலண்டரை அதன்மேல் மாட்டினேன். யெகோவாயீரே, பார்த்துக்கொள்கிறவர், யெகோவா ஷம்மா, கூடவே இருக்கிறவர் என்று கர்த்தரின் நாமங்கள் அதில் இருந்தன. தினமும் அவற்றைச் சொல்லி ஜெபித்தேன். காலண்டரைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுத் தங்கம், "சேச்சீ, செவுரு சரியுது, வேகம் வெளிய வாங்கோ!" என்று அலறினாள். படுத்திருந்த கணவரை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். சுவர் கட்டில்மேல் விழுந்தது.

போக வேறு இடமில்லை. மிஞ்சிய அறையிலும் விரிசல் உண்டு. அதன்மேல் எதையும் மாட்டுவதில்லை. தினமும் காலையில் அதில் விரலை வைத்து அளக்கிறேன். நாமங்களைச் சொன்னால்தான் அதைப் பார்க்கத் துணிவு வருகிறது. போன மாதம் ஒரு விரல் நுழைந்தது. இப்போது இரண்டு நுழைகிறது.