பெரிய விசிறி லோரியும் அம்மாவின் திருநீறும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் செந்தூல் அடுக்குமாடியில் தீயணைப்பு ஒத்திகை. எல்லோரும் படி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பாதிப் பேர் லிப்டில் இறங்கினார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசி, நல்ல செருப்பு மாட்டி, நெருப்பு விருந்துக்குக் கூப்பிட்டதுபோல் வந்து சேர்ந்தார். கீழே நிர்வாகத்தின் இளம் இன்ஜினியர் ஒரு சின்னப் பெட்டியிலிருந்து பொய்ப் புகை விட்டுக்கொண்டிருந்தார். லேசாகத் தித்திப்பு வாசம். கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வரும்போது விடுவார்களே, அதே சமாச்சாரம்.

"பயப்படாதீங்க அங்கிள், இது சேஃப் புகைதான்," என்றார்.

அவருக்கு என் பூர்வீகம் தெரியாது. நான் வாழ்நாளில் பாதியைப் புகையைத் துரத்துவதில் கழித்தவன். உண்மையான புகை தித்திக்காது. மெத்தை எரிந்தால் ஒரு வாசம், ஒயர் எரிந்தால் ஒரு வாசம், சமையல் எண்ணெய் எரிந்தால் ஒரு வாசம். எதுவும் முதலில் மூக்குக்கு வருவதில்லை, நேராகத் தொண்டையைப் பிடிக்கும். அதிலும் கருகிய எண்ணெய்ப் புகை என்றால் எனக்கு இன்றைக்கும் பிரிக்பீல்ட்ஸும் ஒரு கல்யாணப் பெண்ணும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். மனைவிக்கு இந்த விஷயம் பிடிப்பதில்லை.

நான் வேலை பார்த்தது பொம்பாவில். தீயணைப்புப் படைக்கு எங்கள் ஊரில் குழந்தையிலிருந்து கிழவர் வரை வைத்திருக்கும் பெயர் அது. பொம்பா என்றதும் உங்களுக்கு ஏணி ஏறுகிறவன், குழாய் பிடிக்கிறவன், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து வெளிப்படுகிறவன் எல்லாம் மனக்கண்ணில் வருவான். மன்னிக்கவும், அது நான் இல்லை. நான் விசிறிக்காரன்.

எங்கள் நிலையத்தில் லோரிகளுக்குள்ளேயே சாதி இருந்தது. ஏணி லோரி மேல்சாதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அதோடுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். ரசாயன விபத்துக்குப் போகும் லோரிக்காரர்கள் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு நிலாவுக்குப் போகிறவர்கள் மாதிரி நடப்பார்கள். தண்ணீர் லோரி உழைப்பாளி, யாரும் குறை சொல்ல முடியாது. கடைசியில், கழிப்பறைக்குப் பக்கத்துக் கொட்டகையில், எங்கள் புகை லோரி. அதன் வயிற்றில் ஆள் உயர விசிறி ஒன்று. வாசலுக்கு நேராக நிறுத்தி முடுக்கினால் கட்டடத்துக்குள் காற்றைத் தள்ளும், உள்ளே இருக்கும் புகை வேறு வழியாக வெளியேறும். அவ்வளவுதான் அதன் வீரம். "கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடலாமே லா," என்று ஏணிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

லோரி ஓட்டியவன் லத்தீப். கம்போங் மேடானில் தமிழர்களுக்கு நடுவே வளர்ந்த மலாய்க்காரன். என்னைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவான். நாங்கள் இருவர்தான் அந்த லோரியின் மொத்தச் சேனை.

இந்த விசிறிக்கு ஒரே ஒரு விதி. புகை வெளியேற மேலே ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முடுக்க வேண்டும். வழி இல்லாமல் ஊதினால் புகை எங்கே போகும்? ஆள் இருக்கும் அறைக்குள் போகும். நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சேர்ந்த புதிதில், ஒரு பயிற்சியில், அவசரப்பட்டு முடுக்கிவிட்டேன். மேல்மாடியில் பார்வையிட்டுக்கொண்டிருந்த எங்கள் துவான், அதாவது பெரிய அதிகாரி, வெள்ளை மீசையோடு உள்ளே போனவர் கரி மீசையோடு வெளியே வந்தார். ஒரு மாதம் லோரி கழுவினேன்.

அதன் பிறகுதான் திருநீறு வந்தது. வாசலில் நின்று பார்த்தால் புகை ஏமாற்றும். மேலே வெளியே வருவதுபோல் காட்டும், தரையோரம் காற்று உள்ளே இழுக்கிறதா இல்லையா என்பதைக் காட்டாது. அம்மா அப்போது கிள்ளானில் இருந்தார். வாரம் ஒருமுறை போகும்போது, கோயில் திருநீற்றை நாள்காட்டித் தாளில் மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிடுவார். ஒரு நாள் சம்பவ இடத்தில், பெரிதாக யோசித்தெல்லாம் இல்லை, சும்மா கை அரித்தபோது, ஒரு சிட்டிகை எடுத்து வாசல்படியோரம் தூவினேன். அது அப்படியே தவழ்ந்து உள்ளே போயிற்று. மேலே வழி இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து எந்த நெருப்புக்குப் போனாலும் லத்தீப் கேட்கும் முதல் கேள்வி, "மச்சான், திருநீறு இருக்கா?"

அம்மாவுக்கோ ஆனந்தம். வாரத்துக்கு ஒரு பொட்டலம் தீர்கிறதே, பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று.

"தெனமும் பூசுறியாடா?"

"பூசுறேன்மா." வேறு என்ன சொல்வது? உங்கள் திருநீற்றை ஊர் வாசல்படியெல்லாம் கொட்டுகிறேன் என்றா?

சரி, கல்யாணப் பெண்ணுக்கு வருகிறேன். ஒரு முகூர்த்த நாள் காலை. பிரிக்பீல்ட்ஸில் பழைய கடை வரிசை ஒன்று. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே கமலா அக்காவின் மணப்பெண் அலங்காரக் கடை. கீழ்க்கடை அடுப்பின் புகைக்குழாயில் படிந்திருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. குழாய்க்காரர்கள் வந்து நெருப்பை அடக்கிவிட்டார்கள். ஆனால் புகை முழுவதும் மாடிப்படியில் ஏறி அடைத்துக்கொண்டது. மேலே அலங்கார அறையில் கமலா அக்கா, உதவிக்கு இருந்த பெண், முக்கால்வாசி ஜோடித்த மணப்பெண், மூன்று பேர். படியின் நடுவே திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. அதை அறுக்க இரண்டு பேர் முகமூடியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஏணி லோரி? அது தெருமுனையில், இரண்டு வரிசையாக நிறுத்திய கார்களுக்குப் பின்னால், தன் மேல்சாதிப் பெருமையோடு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. முன்பக்க ஜன்னல்களைக் கமலா அக்காவின் பெயர்ப்பலகையே மூடியிருந்தது. அதில் ஒரு கல்யாணப் பெண் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

நாங்கள் எப்படியோ சந்து வழியாக நுழைந்து விசிறியைப் படி வாசலுக்கு நேராக நிறுத்தினோம். எங்கள் சின்ன லோரிக்கு அன்றைக்குத்தான் மரியாதை.

நான் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினேன். திருநீறு உள்ளே போகவில்லை. சுழன்று திரும்பி என் பூட்ஸ் மேலேயே விழுந்தது.

பின்னால் ஓர் அலறல். பெண்ணின் அம்மா. "ஐயோ, துன்னூறு திரும்பி வருதே! அபசகுனமாச்சே!" கூட்டத்தில் யாரோ அரோகரா போட்டார். இன்னொரு பெரியவர், நான் சத்தியமாகச் சொல்கிறேன், கற்பூரம் எடுத்துப் பற்ற வைக்கப் பார்த்தார். நெருப்பு அணைக்க வந்த இடத்தில்! லத்தீப் அவர் கையைப் பிடித்து, "தாத்தா, சாமிக்கு இன்னிக்கு லீவு," என்றான்.

"ஃபேன போடு தம்பி! என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கூட்டம் கத்தியது. "பொம்பாவ கூப்பிட்டா பூசாரி வந்துருக்கான்!"

பொத்தான் ஒரு முழத்தில் இருந்தது. இப்போது அழுத்தினால் கூட்டம் கை தட்டும், படியில் இருக்கும் மொத்தப் புகையும் கதவிடுக்கு வழியாக அந்த மூன்று பேர் மேல் போய் அடைக்கும். துவானின் கரி மீசை கழுவினால் போயிற்று. இது கழுவினால் போகாது.

மணப்பெண்ணின் தம்பி மேலே இருந்த தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கினேன். மேலே போனைக் கமலா அக்கா வாங்கினார், இருமல்தான் முதலில் கேட்டது.

"அக்கா, படிக்கு மேல பின்கதவு இருக்குமே, அத தொறங்க!"

"இருக்கு தம்பி, எறங்க படி கெடையாது, வெறும் கதவுதான். ஆனா அதுக்கு முன்னாடி அலமாரி நிக்குது."

"எதுக்குக்கா கதவுக்கு முன்னாடி அலமாரி?"

"வாஸ்து பாத்தவரு சொன்னாரு. பின்கதவு தொறந்திருந்தா லெட்சுமி வெளிய போயிருவாளாம்."

என் வாயில் வந்ததை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காது. "அக்கா, லெட்சுமி போனா திரும்பி வருவா. மூணு பேரும் ஈரத்துண்ட மூஞ்சில கட்டிக்கிட்டு, தரையோட தவழ்ந்து போயி அத தள்ளுங்க. தொறந்ததும் உடனே ரூமுக்குள்ள வந்து கதவ சாத்திருங்க. சரியா?"

பிறகு போனில் சத்தங்கள்தான். இருமல். மரம் இழுபடும் ஒலி. ஒரு பெண் குரல், "தள்ளுங்கக்கா, என் கல்யாணத்துக்கு நேரமாவுது!" அது மணப்பெண். பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக அலமாரியை இடுப்பால் முட்டியிருக்கிறாள். எதுவோ பெரிதாகச் சாய்ந்து கண்ணாடி நொறுங்கியது. பிறகு ஓர் ஒலியும் இல்லை. அந்தச் சில வினாடிகளில் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நானும் விடவில்லை.

"தொறந்தாச்சு தம்பி. ரூமுக்கு வந்துட்டோம்."

மறுபடி ஒரு சிட்டிகை தூவினேன். திருநீறு தரையோடு தவழ்ந்து, படிக்கட்டில் ஏறி, உள்ளே போயிற்று. லத்தீப் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினான்.

புகை பின்பக்கமாகக் கறுப்பாகக் கொட்டிற்று. இரும்புக் கதவும் அறுபட்டது. கொஞ்ச நேரத்தில் கமலா அக்காவும் உதவிப் பெண்ணும் இறங்கினார்கள், கடைசியில் மணப்பெண். விசிறியை நிறுத்த மறந்துவிட்டோம். எதிர்காற்றில் புடவை படபடக்க, அவளுடைய ஒட்டு ஜடை பூவோடு பறந்து படியிலேயே தங்கிவிட்டது. ஒரு கன்னம் சந்தன நிறம், மறு கன்னம் கரி. அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, அத ஆஃப் பண்றீங்களா?" என்றாள். பங்சார் மண்டபத்தில் அதே முகத்தோடு தாலி கட்டிக்கொண்டாளாம். முகூர்த்தம் தவறவில்லை.

கதை அதோடு நிற்குமா? திருநீறு போட்டதும் கதவு தானாகத் திறந்தது என்று கல்யாணப் பந்தியிலேயே பரவி, அடுத்த வாரத்துக்குள் கிள்ளானுக்குப் போய்விட்டது. அம்மா விசாரணை வைத்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். பூசவே இல்லை, இத்தனை வருஷமும் தரையில்தான் தூவினேன் என்று.

அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். "நெத்தியில பூசினா உனக்கு மட்டுந்தானே," என்றார். அடுத்த வாரப் பொட்டலம் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது.

இப்போது அந்தக் கடை வரிசை இல்லை. கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. புகை லோரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஒருவர் கையிலேயே தூக்கிப்போகும் மின்கல விசிறி வந்துவிட்டது, நல்லதுதான். லத்தீப் போனில் இருக்கிறான், பேசினால் இன்னும் திட்டுகிறான். அம்மா போய்விட்டார். கடைசியாகக் கொடுத்த பொட்டலத்தில் பாதி என் அலமாரியில் இருக்கிறது.

ஒத்திகை முடிந்ததும் அந்த இன்ஜினியரை என் மாடிக்குக் கூட்டிப்போனேன். புகை வந்தால் சுவரில் இருக்கும் புகைத்துளையின் மூடி தானாகத் திறக்கும், விசிறி தானாக ஓடும் என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னேன். பொத்தானை அழுத்தினார். எங்கேயோ ஏதோ உறுமியது, பச்சை விளக்கு எரிந்தது. நான் பொட்டலத்தைக் கொண்டுவந்து அந்தத் துளைக்கு நேராக நடைவழியில் ஒரு சிட்டிகை தூவினேன்.

அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நேராக என் காலடியில் விழுந்தது. காற்று அசையவே இல்லை.

"பச்ச லைட் எரியுதே அங்கிள்," என்றார் அவர்.

ஆன்டியின் வீட்டுக் கதவைப் பார்த்தேன், பூனை உள்ளே கத்தியது. "தம்பி, இந்த மாடிக்குப் பின்கதவு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பின்கதவா? அதெல்லாம் இப்ப யாரு வைக்கிறாங்க அங்கிள்?"