மந்திரித்த வான்

மகேந்திரராசாவின் பழைய வான் வண்டியில் எப்போதும் கருகிய ஒயில் நாறும். தேவாலயத்துக்குப் பூசைக்குக் கட்டிப்போகும் சேலையிலும் அந்த நாற்றம் ஏறிவிடும். எஞ்சின் ஒயில் சூடாக முன்பக்கம் போய் ஆறித் திரும்புகிற இரண்டு ஹோசுகளும் வெடித்துக் கசிந்தன. கியூபெக் மாகாணத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் அவர்கள் வீட்டு வாசலில், வான் நின்ற இடமெல்லாம் கறுப்புச் சளி. மனைவி அக்னெசுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

மெக்கானிக் பட்டென்று சொல்லிவிட்டான்: "அண்ணை, இரும்புப் பைப்போடை சேத்து ரெண்டையும் புதுசா மாத்தவேணும். இல்லாட்டி ஒருநாள் ஹைவேயிலை ஹோஸ் கழண்டு, ஒயில் முழுக்கக் கொட்டி, லொறியளுக்கு நடுவிலை எஞ்சின் இறுகி நிண்டிடும்."

மகேந்திரராசா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றுகிறவர். உழைப்புக்கு அஞ்சாதவர், தன் கரைச்சலை அடுத்தவன் தலையில் கட்டுவதிலும் கெட்டிக்காரர். வெடித்த றப்பரை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மலிவான குழாயைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினார். எஞ்சினைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியாரைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்கத் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வானை மந்திரிப்பித்தார். விற்கப்போகிற வானுக்கு மந்திரிப்பு! அந்தத் தேவாலயப் பங்குக்குப் புதிதாக வந்த றொக்சன் அதை நம்பி விலை கேட்டான்.

"உண்மையைச் சொல்லிப்போட்டு வில்லுங்கோ," என்றாள் அக்னெஸ்.

"நீர் சும்மா இரும். சுவாமியே மந்திரிச்ச வான்."

அந்த வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது. புருஷன் மானம் என்று அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கியதும் அருவருப்பாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்ட்டில் பங்கு யாத்திரை. கியூபெக் நகரத்துக்கும் அப்பால், முழுக்க ஹைவே. காலையில் றொக்சன், மனைவி ஜொய்சியோடு வந்து வாசலில் வானை நிறுத்தினான்.

"அண்ணை, உங்களிட்டை வாங்கின வானிலை முதல் தூரப் பயணம். எல்லாரும் ஏறுங்கோ."

மகள் ஜெசிக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். மகேந்திரராசாவின் முகம் வெளிறியது.

"பிள்ளை, இறங்கு. உனக்குக் காய்ச்சல்."

"நோ, பப்பா! எனக்கு ஒண்டுமில்லை."

கையைப் பிடித்து இழுத்து இறக்கினார். பிறகு றொக்சனைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ தம்பி. எங்களுக்காகவும் மன்றாடுங்கோ."

அக்னெஸ் வானுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வெளிக்கிடாதையும். இவர் ஏன் தன்ரை பிள்ளையை மட்டும் இறக்கினவர் எண்டு கேளும்."

றொக்சன் எஞ்சினை நிறுத்தினான்.

அடுத்த சனிக்கிழமை மகேந்திரராசா, பைப்போடு சேர்ந்த புது ஹோசுகளை வைத்துக்கொண்டு வானுக்கடியில் மல்லாந்து கிடந்தார். பனிக்காலத்தில் தெருவுக்குப் போடும் உப்பில் துருவேறிய நட்டுகள் லேசில் அசையவில்லை. அசைந்தபோது பழைய ஒயில் சட்டைக் கைக்குள்ளால் கமக்கட்டுவரை ஓடியது. றொக்சன் பக்கத்திலேயே நின்று பார்த்தான்.

வேலை முடிந்து, தோய்க்கச் சொல்லி அந்தச் சட்டையை நீட்டினார். அக்னெஸ் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைப் பைக்குள் போட்டாள்.

"உந்தச் சட்டையை என்ரை கையாலை தோய்க்கமாட்டன்."