பெடாஸ் போய்ச் சேரும் வரை

கணவர் வேலையாக ஜொகூருக்குப் போயிருந்த வாரம் அது. எனக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. லைசன்ஸ் எடுத்து இருபது வருஷமாகியும் லோபாக்கில் உள்ள வீட்டிலிருந்து கிளினிக் கவுண்டர் வேலைக்கும் காய்கறி வாங்கப் பசாருக்கும் தவிர வேறெங்கும் நான் தனியாகக் கார் ஓட்டியதில்லை. அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். சிரம்பான் ஏரிப் பூங்காவில் ஒரு சுற்று நடந்தேன். வழியில் மம்பாவில் தோசை சாப்பிட்டேன். பெடாஸ் பக்கமும் ஒரு பூங்கா இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்ததால் தோட்டப்பாதையில் காரை விட்டேன்.

இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். நடுவில் ஒரு சின்னக் கோயில், பூட்டிக் கிடந்தது. யாரோ அதைச் சுற்றிச் செம்பருத்தியும் அரளியும் நட்டு நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெக்கைக்காகக் கார்க் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பூக்களைப் படம் எடுத்தேன். திரும்பி வந்து காலை உள்ளே வைக்கப் போனபோது, பிரேக்குக்கு மேலே கறுப்பாக ஒரு பாம்பின் வால் நழுவி உள்ளே போனது.

பின்னோக்கியே நடந்து மண்பாதையின் நடுவில் போய் நின்றேன். போனில் லைன் இல்லை. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெண் சாக்குப்பையோடு வந்தார். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு கம்பை எடுத்துக் காரின் அடியிலும் பிரேக் மிதிக்குப் பக்கத்திலும் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மோட்டார் சைக்கிளைத் தன் வீட்டுக்காரர் கொண்டுபோய்விட்டார், சாயங்காலம்தான் வருவார், பெடாஸ் போனால்தான் ஆள் கிடைக்கும் என்றார்.

"என்னால முடியாதுக்கா. கால வைக்கவே முடியாது."

அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து தன் முழங்கால்வரை இருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். "இத போட்டுக்கோ தங்கச்சி. நானும் கூட வரேன். அது எறங்கிப் போயிருக்கும் லா."

வெறுங்காலோடு ஏறி, பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூட்ஸ் எனக்குப் பெரிது. மிதிப்பது பிரேக்கா எண்ணெய் மிதியா என்றே தெரியவில்லை. ஏர்கான் போட்டால் அந்தத் துவாரம் வழியாக வந்துவிடுமோ என்று பயம். ஒவ்வொரு குழியிலும் முழங்காலில் ஏதோ உரசுவது போலிருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஊர்ந்துகொண்டே போனேன். மழை உள்ளே அடித்தது. அவர் வழி முழுவதும் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. ஆனால் அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பெடாஸில் முதலில் கண்ணில் பட்ட கார்ப் பட்டறையில் நிறுத்தினேன். பட்டறைக்காரர் ஒரு சீனர். விஷயத்தைக் கேட்டதும் காரைத் தொடாமல், பாம்பு பிடிக்க வரும் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் போட்டார். அவர்கள் வந்து பக்கத்து சீட்டுக்கு முன்னாலிருந்த சாமான் போடும் டப்பாவைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து பாம்பை வெளியே இழுத்தார்கள். முழங்கை நீளம். தரையில் விட்டதும் படம் எடுத்தது.

அது இருந்தது அந்த அக்கா மடித்து வைத்திருந்த முழங்காலுக்கு நேர் எதிரே.

அவர் அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்காரர் கொடுத்த தண்ணீரைப் பாதி சிந்தினார்.

"போயிருக்கும்னுதான் ஏறுனேன். இருக்குன்னு தெரிஞ்சா ஏறியிருப்பேனா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பூங்காவுக்குப் போகவில்லை. மழை விட்டதும் அவரைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். கோயிலடியில் மோட்டாரோடு காத்திருந்த அவருடைய வீட்டுக்காரர் எங்கே போனாய் என்று அதட்டினார். பெடாஸைச் சுத்திப் பாக்கப் போனேன் என்று சொல்லிவிட்டு, நான் கழற்றிக் கொடுத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார். அவர்கள் போன பிறகும் எனக்குக் காரில் ஏறி உட்கார வெகுநேரம் பிடித்தது.