எஞ்சினுக்கு அடியிலிருந்து வந்த இரண்டு ரூபாய்

நாணயம் சேர்க்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து என் பஞ்சர் கடைக்கு டயரைவிட நாணயம்தான் அதிகம் வருகிறது.

இன்று பொழியூரில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் சேவியர் வந்தார். அவருடைய இரண்டு ரூபாயில் வட்டமாக ஒரு தடம்.

"அச்சுப்பிழை ஆக்கும் அண்ணா. லெச்சம் கிட்டும்னு வீடியோல உண்டு. புது எஞ்சின் வாங்கணும்."

"எலே மக்கா, அச்சில பிழைச்சா எழுத்து சரியா விழாது. இதுல நல்லா விழுந்த எழுத்துல்லா நசுங்கிக் கெடக்கு. எங்கேருந்து எடுத்த?"

"எஞ்சின் ஸ்க்ரூவுக்கு அடியில. பலகை தேயாம இருக்க வச்சிருந்தேன்."

"அப்போ அந்த வட்டத்த அடிச்சது உனக்க ஸ்க்ரூவாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "இத எடுத்த பெறவு எஞ்சின் ஆடுது. நாளைக்குக் கடலுக்குப் போணும்."

அந்த இடத்தில் வைக்கச் சொல்லி வேறொரு இரண்டு ரூபாய் கொடுத்தேன். அதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, இதுல பிழை ஏதும் உண்டா?"