கடைசி கமாவுக்குப் பின்னால் ஓர் ஊர்

ஜெயித்துவிட்டேன்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் கதை.

போன வெள்ளிக்கிழமை காலை வசந்தியிடமிருந்து போன். இங்கே விருத்தாசலத்தில் சின்னதாகப் பீங்கான் பட்டறை நடத்துகிற என் தோழி. என் வீட்டுக்காரர் படித்த பள்ளியின் பழைய மாணவர் சந்திப்புக்கு இருநூறு கப் செய்கிறாள் — ஒவ்வொன்றிலும் ஒருவரின் பெயரும் ஊரும். அவளுடைய முதல் பெரிய ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை விழா.

"வூட்டுல இருக்கீங்களாக்கா? லிஸ்ட்டுல பேரு, கமா, ஊருன்னு ஒரே வரியில கொட்டிக் குடுத்திருக்காங்க. கப்புல ஒட்டிச் சுடுற ஸ்டிக்கரு அடிக்கிறவரு பேரு தனியா, ஊரு தனியா கேக்குறாரு. மத்தியானத்துக்குள்ள குடுக்கலைன்னா நாளைக்குச் சூளை ஏத்த முடியாது. ஆர்டரு போயிடும்க்கா!"

ஐம்பத்திரண்டு வயதில் நான் யூடியூப் பார்த்து புரோகிராமிங் கற்றுக்கொள்வது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு அது தினசரி காமெடி. "என்னா, கம்ப்யூட்டரு கம்பெனியில கூப்ட்டாங்களா?" என்று இட்லி வைக்கும்போதெல்லாம் கேட்பார்.

விடுவேனா? கமா வருகிற இடத்தில் வெட்டு. முதல் துண்டு பெயர், இரண்டாவது துண்டு ஊர் — நாலே வரி. ஓட்டினேன். பெண்ணாடம், திட்டக்குடி... ஊர்கள் சமர்த்தாக வரிசையில் வந்து நின்றன. அனுப்பப் போகும்போதுதான் கண்ணில் பட்டது.

பெயர்: சுந்தரமூர்த்தி. ஊர்: எம்.ஏ.

என் வீட்டுக்காரரேதான்! லிஸ்ட்டில் பார்த்தால் — "சுந்தரமூர்த்தி, எம்.ஏ., பி.எட்., கருவேப்பிலங்குறிச்சி". கீழே இன்னும் நாற்பது பேர் இதே ரகம். நம் ஆட்கள் பட்டத்தை விட்டுக்கொடுப்பார்களா? ஒருவர் "ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்" என்பதையும் கமா போட்டுச் சேர்த்திருந்தார். சூளையில் சுட்ட பிறகு அழிக்கவா முடியும்? மணி பன்னிரண்டரை.

அடப்பாவிகளா என்று திட்டிக்கொண்டே மேலும் கீழும் பார்த்தேன். சட்டென்று பிடிபட்டது. நடுவில் எத்தனை பட்டம் வேண்டுமானாலும் வரட்டும்... ஊரை எல்லாருமே கடைசியில்தான் எழுதியிருக்கிறார்கள்! அப்புறம் எதற்கு முன்னாலிருந்து எண்ணுவது? 'இரண்டாவது துண்டு' என்பதைக் 'கடைசித் துண்டு' என்று மாற்றினேன். அவ்வளவுதான். இருநூறும் சரி!

ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினேன். "அக்கா, நீங்க தெய்வம்!" என்றாள் வசந்தி. தெய்வம் சமையலறையில் ஒரு குத்தாட்டம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை விழா அமர்க்களம். விழாக் குழுவினர் அங்கேயே வசந்திக்கு அடுத்த ஆர்டரையும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் தன் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, என் எம்.ஏ., பி.எட். எல்லாம் எங்க?"

"கம்ப்யூட்டரு கம்பெனியில கேட்டுச் சொல்றேங்க!"